பாணி மாறினால் பழியா?

பாணியை மாற்றிய கலைஞனைச் சந்தைக்கு விலைபோனவன் என்று தீர்த்துவிடுவது எளிது. ஜேர்மனியின் ஹனோவர் நகரில் 1965இல் தோன்றிய ‘ஸ்கோர்ப்பியன்ஸ்’ றொக் இசைக்குழுவையும் அவ்வாறு பழிப்பாருளர்.

1972இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டு சைக்கடெலிக் இசையின் கனவுமயக்கத்தில் திளைத்தது. அதன் இறுதிப் பாடல் மட்டும் 13 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. 1975இல் வந்த ‘இன் ட்ரான்ஸ்’ தட்டிலோ பாடல்கள் பெரும்பாலும் 5 நிமிடங்களுள் அடங்கின. கிற்றாரின் ஒலி கனத்தது. குழு ஹெவி மெற்றலை நெருங்கிற்று.

இது வீழ்ச்சியன்று, அலைந்த கற்பனைக்குக் கிடைத்த கட்டுக்கோப்பு என்பதே என் துணிபு. எனினும் இழப்பும் உண்டு. விரிந்த கற்பனையை நாடிய கிற்றார்க் கலைஞர் ஊலி ஜோன் றோத் 1978இல் குழுவை நீங்கினார். எது விற்றது என்பதன்று, எது கைகூடியது, எது கைநழுவியது என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய வினா.