குறட்டை விட்டா நல்ல தூக்கம்னு யாரு சொன்னது?

குறட்டை விட்டுத் தூங்குறவனைப் பாத்தா எங்க தென்காசிப் பக்கம் பொறாமைதான் படுவாங்க. "கொடுத்து வச்ச மனுசன், படுத்த உடனே குறட்டை" என்பாங்க. உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது. கும்பகர்ணன்னு கேலி பேசுறதோட சரி, அதுக்கு மேல யாரும் யோசிக்கிறதில்ல. டவுன்ல இருக்கிறவங்களுக்கு விவரம் தெரியும்னு நினைச்சிருந்தேன். போன சீசனுக்குக் குற்றாலம் வந்த சென்னைச் சொந்தக்காரங்க நாலு பேருமே பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, நாலு பேருமே சுவர் அதிரக் குறட்டை. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஒருத்தருக்கும் தெரியல. அதனாலதான் எழுதுறேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு, எனக்கு மச்சான் முறை, பிரஷர் வந்து ஏழெட்டு வருசம் ஆச்சு. ஒரு மாத்திரை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. மூணுல ஒண்ணு மூத்திரம் பிரியுற மாத்திரை. அப்பவும் 160-க்குக் கீழ இறங்கல. போற இடமெல்லாம் திட்டு. உப்பைக் குறைக்கல, மாத்திரையை ஒழுங்காப் போடலன்னு. உப்பு விஷயத்துல திட்டு நியாயந்தான். மோர் மிளகாயும் கருவாடும் இல்லாம அவருக்குச் சோறு இறங்காது. ஆனா மாத்திரையை என் தங்கச்சி எண்ணி எண்ணிக் கொடுக்கிறவ. அதுல பிசகே கிடையாது.

ராத்திரி நாலு தடவை மூத்திரம் போக எழுந்திரிப்பார். சுகர்னு நினைச்சு டெஸ்ட் எடுத்தா சுகர் இல்ல. காலையில எழுந்தா தலைவலி, வாய் காய்ஞ்சு கிடக்கும். தென்காசியில திருநெல்வேலி பஸ் ஏறினா பாவூர்சத்திரம் தாண்டுறதுக்குள்ள தலை தொங்கிரும். வயசாகுதுல்லா, அப்படித்தான்னு எல்லாரும் சொன்னோம். கடைசியில தங்கச்சிதான் ஒரு நாள் சொன்னா: "அண்ணே, ராத்திரி அவுக குறட்டை திடீர்னு நின்னுருது. சத்தமே இல்ல. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது. பொறவு தண்ணியில முங்கினவுக மாதிரி விலுக்குனு ஒரு இழுப்பு. எனக்குப் பயமா இருக்கு."

இதை அப்படியே திருநெல்வேலியில ஒரு டாக்டர்கிட்ட சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. ராத்திரி முழுக்க உடம்புல வயரை ஒட்டிப் படுக்க வச்சு ஒரு பரிசோதனை. மணிக்கு 38 தடவை மூச்சு அடைபட்டிருக்கு. 5-க்குக் கீழ இருந்தா சாதாரணம், 15 வரைக்கும் லேசு, 30-ஐத் தாண்டினா கடுமை. மூச்சு குறைஞ்சது 10 விநாடி நின்னாலோ நல்லாக் குறைஞ்சாலோதான் அதை ஒரு தடவைன்னு கணக்கு வைப்பாங்களாம். ஒரு ராத்திரியில எத்தனை தடவை அந்த மனுசன் முங்கி முங்கி எழுந்திருக்கார்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

இது ஏன் நடக்குதுன்னு விவசாயி பாசையில சொல்றேன். கிணத்துல மோட்டார் மாட்டும்போது, தண்ணியை உறிஞ்சுற பக்கம் கட்டியான பைப்பு, இல்லன்னா உள்ள கம்பிச் சுருள் வச்ச பைப்புதான் போடணும். சாதா ஓசைப் போட்டா மோட்டார் இழுக்கிற இழுப்புல சப்பிக்கிட்டு நின்னுரும். நம்ம தொண்டை அந்த சாதா ஓசு மாதிரி. முழிச்சிருக்கும்போது சதை விறைப்பா இருந்து வழியைத் திறந்து வச்சிருக்கு. தூங்கினா சதை தளருது, நாக்கு பின்னால சரியுது, நெஞ்சு காத்தை இழுக்குது, தொண்டை சப்பிக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் குறைய, மூளை பதறி ஆளை உலுக்கி எழுப்புது. முழுசா முழிப்பு வராது, அதனால காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஆனா ஒவ்வொரு உலுக்கலுக்கும் அட்ரினலின் சுரந்து, பிரஷர் குப்புனு ஏறுது.

தூங்கும்போது பிரஷர் பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கி, இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் ஓய்வு கிடைக்கணும். இந்த நோய்க்காரங்களுக்கு அந்த ஓய்வு கிடைக்கிறதில்ல. ராத்திரி முழுக்கப் பதறின நரம்பு பகல்லயும் முறுக்கிக்கிட்டே நிக்குது. மூணு மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவங்கள்ல நிறையப் பேருக்கு இந்த மூச்சடைப்பு இருக்குறது வைத்திய உலகத்துக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். ராத்திரி அடிக்கடி மூத்திரம் வர்றதும் இதனாலதான். மூச்சு அடைபடும்போது இதயம் விரிஞ்சு, தண்ணியை வெளியேத்தச் சொல்லி ஒரு சுரப்பை விடுது.

'டிஸ்கோ டான்சர்' இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில மும்பையில இறந்தப்ப, தூக்கத்துல மூச்சடைக்கிற இந்த நோய்தான் காரணம்னு டாக்டர் சொன்னது பத்திரிகையில வந்துச்சு. கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி போட்ட மனுசன்னுதான் எங்க ஊர்ல அவரைத் தெரியும். செய்தியைப் படிச்சவங்க சங்கிலியைப் பத்திப் பேசினாங்க, குறட்டையைப் பத்தி ஒருத்தரும் பேசல.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில முதலமைச்சர் ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி வச்சார். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. 2024-ல ஐ.நா. விருதும் கிடைச்சுது. நல்ல திட்டம்னு மனசாரச் சொல்றேன். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரிசையில நின்ன கிழவிகளுக்குத்தான் அதோட அருமை தெரியும். அந்தத் திட்டத்துல வீடு வீடாப் போற பெண்கள் மூணே மூணு கேள்வி சேர்த்துக் கேட்டா என்ன? குறட்டை சத்தமா இருக்கா? மூச்சு நிக்கிறதைப் பக்கத்துல படுக்கிறவங்க பாத்தாங்களா? பகல்ல தூங்கி வழியுறாரா? கூடவே ஒரு இஞ்சு டேப். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினா சந்தேகப்படணும். இதுக்கு மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கேள்வியை நோயாளிகிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்ல, வீட்டுக்காரிகிட்டக் கேக்கணும். சந்தேகப்பட்டவங்களுக்குப் பரிசோதனை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே கிடைக்கணும். தென்காசி 2019-லேயே தனி மாவட்டம் ஆயாச்சு. எதுக்கெடுத்தாலும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுற காலம் போகட்டும்.

மச்சானுக்கு சி-பாப்னு ஒரு மெஷின் வந்திருக்கு. 1981-ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்கிற டாக்டர் உலகத்துக்குச் சொன்னது. மூக்குல மாட்டுற மாஸ்க் வழியா லேசான அழுத்தத்துல காத்து தள்ளுது. உள்ள தண்ணி அழுத்தி ஓடினா ஓசு உருண்டையா நிக்கும்ல, அதே கதை. விலை ஒரு நல்ல கறவை மாட்டு விலை. முதல் ரெண்டு வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சார். "இப்ப சத்தமே இல்ல அண்ணே, உசுரு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கேன்"னு தங்கச்சி சிரிக்கா. இந்த மெஷினால பிரஷர் மாயமாப் போயிராது. சராசரியாப் பாத்தா ரெண்டு மூணு புள்ளிதான் குறையும்ங்காங்க, மாத்திரைக்கு அடங்காதவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குறையுமாம். அதனால மச்சான் மாத்திரையை நிறுத்தல. உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தூத்துக்குடி உப்பளம் இத்தனை பக்கத்துல இருக்கிற எங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். எடையும் குறைக்கணும். எல்லாருக்கும் மெஷின் தேவைப்படாது, லேசா இருக்கிறவங்கள்ல சிலருக்கு ஒருக்களிச்சுப் படுத்தாலே குறையும். ஒல்லியா இருக்கேன், எனக்கு வராதுன்னும் இருக்காதீங்க. தாடை சின்னதா இருந்தாலும் வரும். மாதவிடாய் நின்ன பெண்களுக்கும் கூடுது, கூச்சத்துல அவங்க சொல்றதில்ல.

சாரலுக்கு வர்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தருவியில குளிச்சுட்டு, ராத்திரி பார்டர் பரோட்டா வயிறு முட்ட, கூட ஒரு குவார்ட்டரும் ஏத்திக்கிட்டு மல்லாந்து படுக்கிறதுதான் நிறையப் பேருக்கு டூர். சாராயம் தொண்டைச் சதையை இன்னும் தளத்தும், தூக்க மாத்திரையும் அப்படித்தான். லாட்ஜுல ஒரே ரூம்ல நாலு பேரு படுக்கிறீங்க, யாரோ ஒருத்தருக்குக் கண்டிப்பாத் தூக்கம் வராது. அவர் செல்போன்ல அடுத்தவர் குறட்டையைக் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்து வைக்கட்டும். கேலிக்கு இல்ல, டாக்டர்கிட்டக் காட்ட. உங்க வேன் டிரைவரையும் கவனிங்க. பகல்ல நிறுத்தின இடத்துலயெல்லாம் தூங்கி விழுறவரா இருந்தா, ராத்திரியோட ராத்திரியா ராஜபாளையம் ரோட்டுல கிளம்பாதீங்க. ரூமைக் காலையில காலி பண்ணிக்கலாம்.