மாடியில் ஒரு கொடி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். தண்ணீர் எத்தனை நேரம் வரும், சமையலறையில் புகை போக வழி உண்டா, பூஜைக்கு அலமாரி இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். "துணி உலர்த்த எங்கே?" என்று கேட்பவர்கள் அபூர்வம். குடி வந்த மறுநாள் ஈரத் துணி வாளியில் நிரம்பிய பிறகுதான் அந்த ஞாபகமே வரும். கைக்குக் கிடைத்த கயிறு, கண்ணில் பட்ட குழாய். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டால் கொடி தயார்! அந்த அவசரக் கொடிதான் பிறகு வருஷக் கணக்கில் நம்மோடு குடித்தனம் நடத்துகிறது.

கொடி கட்டுவதற்கு முன் திசையைப் பாருங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் கோடையில் பிற்பகல் காற்று கடலிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து வரும். ஆகவே கொடியை வடக்குத் தெற்காகக் கட்டுவது நல்லது. காற்று துணியின் முகத்தில் மோதும். காலை வெயில் ஒரு பக்கமும், மாலை வெயில் மறு பக்கமும் படும். சாயத் துணிகளை மட்டும் உள்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடுங்கள். வெயில் ஈரத்தை மட்டுமா குடிக்கிறது? சாயத்தையும் சேர்த்துக் குடித்துவிடும்.

ஆறு கஜச் சேலைக்குப் பதினெட்டு அடி நீளம். அதை மடிப்பில்லாமல் நீளவாட்டில் போட 20 அடிக் கொடி வேண்டும். இரண்டு கொடிகள் கட்டுவதானால் நடுவே 2 அடி இடைவெளி இருக்கட்டும். ஈரத் துணியோடு ஈரத் துணி உரசிக் கொண்டிருந்தால் உலராது, நாற்றந்தான் வரும்.

எதில் கட்டுவது? தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் கறை விடும்; வெள்ளை வேட்டிக்கு ஆகாது. நைலான் கயிறு கறை விடாது. ஆனால் பாரத்தில் நீளும், வெயிலில் நாளடைவில் நைந்துவிடும். இரும்புக் கம்பியில் பூசிய துத்தநாகம் தேய்ந்தால் துருப் பிடிக்கும். துருக் கறை சோப்புக்கு மசியாது. எவர்சில்வர் கம்பி நெடுநாள் உழைக்கும். ஆனால் அதில் ஓர் அபாயம் உண்டு, பின்னால் சொல்கிறேன். நமது பாட்டிமார் இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, துணியின் முனையைப் புரிகளுக்கு நடுவே செருகிவிடுவார்கள். கிளிப்புச் செலவே இல்லை!

"கொடியை விறைப்பாகக் கட்டுங்கள்" என்று வீட்டுக்காரரை விரட்டாதீர்கள். 20 அடிக் கொடியில் 10 கிலோ ஈரத் துணியைப் பரப்பிப் போட்டு, நடுவில் அரை அடிதான் தொய்வு என்றால், ஒவ்வொரு முனையையும் அது சுமார் 50 கிலோ விசையோடு இழுக்கும். ஒரு சிமெண்டு மூட்டையின் கனம்! ஓர் அடி தொய்வு விட்டால் இழுப்பு பாதியாகிவிடும். செங்கல் கைப்பிடிச் சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக் கொண்டு வருவதன் ரகசியம் இதுதான். கான்கிரீட் தூணில் துளையிட்டு, விரியும் போல்ட்டுடன் கொக்கி மாட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

உயரம் அடுத்த விஷயம். எட்டாத உயரத்தில் இருந்தால் தோள் வலி. தாழ்வாக இருந்தால், அந்தி மங்கலில் ஓடி வரும் குழந்தையின் கழுத்து. இரண்டுக்கும் ஒரே மருந்து கவட்டைக் கம்பு. கை எட்டும் உயரத்தில் துணியைப் போட்டு, பிறகு கம்பைக் கொடுத்துக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள். மாடிப்படி வாசலுக்கு எதிரே மட்டும் கொடி வேண்டாம்.

இனி, மறக்கவே கூடாத விஷயம். வீட்டுக்கு மின்சாரம் கொண்டு வரும் ஒயரின் உறை வெயிலில் வெடித்திருக்கலாம். காற்றில் ஆடி அது கம்பிக் கொடியைத் தொட்டால் கொடி முழுவதும் மின்சாரம். அதைத் தொட்ட கை தானாகவே இறுகிக் கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. காப்பாற்ற ஓடி வந்து தொடுபவருக்கும் அதே கதி. மழைக் காலத்தில் கொடியில் துணி எடுக்கப் போய் உயிர் விட்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆகவே மின்சார ஒயர் அருகில் இருந்தால் கம்பி வேண்டவே வேண்டாம், கயிறே போதும். அதையும் ஒயரிலிருந்து நன்றாக விலகிக் கட்டுங்கள். ஒயர் இறங்கும் இரும்புக் குழாயில் எந்தக் கொடியையும் கட்டாதீர்கள்.

யாராவது மாட்டிக் கொண்டால், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதுவரை அவரைத் தொடாதீர்கள். மெயினை அணைத்தும் மின்சாரம் நிற்காமல் இருக்கலாம்; ஒயர் மெயினுக்கு முன்பே பழுதாகியிருந்தால் அப்படித்தான். உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்துவதும் நல்லது. ஆனால் அதுவும் வீட்டுக்குள் ஏற்படும் கசிவுக்குத்தான் காவல். வெளி ஒயருக்கு அல்ல.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு நாள் மாடிக்குப் போய்க் கயிற்றையும், கொக்கியையும், பக்கத்தில் போகும் ஒயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு நிம்மதியாகத் துணி உலர்த்தலாம், மழை விட்டால்!