கையெழுத்து வாங்கிய ரோபோகாப்

2014-ல் ரோபோகாப்பை மறுபடி எடுத்து வெளியிட்டபோது அதைத் திட்டாத ஆள் குறைவு. ஆனால் திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான காரணத்துக்குத் திட்டினார்கள். கவசத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டார்களாம். ரத்தம் கம்மியாம். மோட்டார் பைக் எதற்காம். (கறுப்பு பெயிண்ட் சமாசாரம் படத்துக்குள்ளேயே இருக்கிற நக்கல். வெள்ளி நிறத்தில் அழகாகத்தான் செய்து கொண்டுவருகிறார்கள், கம்பெனி முதலாளிதான் கறுப்பாக்கச் சொல்கிறார். அதைக்கூடக் கவனிக்காமல் திட்டினால் என்ன செய்வது?) இன்னொரு கோஷ்டி இதற்கு நேரெதிர். ஒப்பிடவே கூடாது, அது ரீகன் காலத்துப் படம், இது ட்ரோன் காலத்துப் படம், இரண்டும் வேறு வேறு என்று வக்காலத்து வாங்கியது.

இரண்டு கோஷ்டியும் கோட்டைவிட்டது ஒரு காகிதத்தை. புதுப் படத்தில் மர்ஃபியின் மனைவி கையெழுத்துப் போடும் சம்மதப் பத்திரம். மொத்த வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் பழைய கதை. 1987-ல் வந்த படம். இயக்கியவர் ஹாலந்துக்காரரான பால் வெர்ஹோவன், எழுதியவர்கள் எட்வர்ட் நியூமையர், மைக்கேல் மைனர். எதிர்கால டெட்ராய்ட் நகரத்தின் போலீஸ் துறையையே ஓசிபி என்ற கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. அலெக்ஸ் மர்ஃபி (பீட்டர் வெல்லர்) என்ற போலீஸ்காரரை ஒரு கும்பல் சுட்டுச் சிதைக்கிறது. கம்பெனிக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. எடுத்து எந்திரம் ஆக்கிவிடுகிறார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது மர்ஃபியின் கண் வழியாகத்தான் காட்சி ஓடுகிறது. டாக்டர்கள் கஷ்டப்பட்டு ஒரு கையைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். திட்டத்தின் பொறுப்பாளர் பாப் மார்ட்டனுக்குக் கோபம் வருகிறது. முழு உடம்பும் எந்திரம் என்றுதானே பேச்சு, கையை வெட்டி எறி என்கிறார். சட்டப்படி செய்யலாமா என்ற கேள்விக்கு இன்னொரு ஆள் பதில் சொல்கிறான்: வேலையில் சேரும்போதே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், சட்டப்படி செத்தும் போய்விட்டான், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவ்வளவுதான். நாலு வரி வசனம். அழுகை கிடையாது, பின்னணியில் சோக வயலின் கிடையாது.

புதுப் படத்தில் இதே இடம் எப்படி இருக்கிறது? கார் குண்டில் மர்ஃபி (ஜோயல் கின்னமன்) உருக்குலைந்து கிடக்கிறார். டாக்டர் நார்ட்டன் (கேரி ஓல்ட்மேன்) மனைவி கிளாராவைக் கூப்பிட்டு, நிலைமையை விளக்கி, வேறு வழியில்லை என்று உருக்கமாகச் சொல்லி, சம்மதம் வாங்குகிறார். மர்ஃபிக்கு விழிப்பு வரும்போது பெயர் ஞாபகம் இருக்கிறது, பிள்ளை ஞாபகம் இருக்கிறது. ஒரு கையைக்கூட விட்டுவைத்திருக்கிறார்கள்! பழைய படத்தில் வெட்டி எறியச் சொன்னார்களே, அதே போன்ற ஒரு கை. அங்கே கம்பெனி ஒரு மனிதனைத் திருடியது. இங்கே கம்பெனி நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறது. வைத்தியத்தில் கொஞ்சம் தில்லுமுல்லு நடக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தில்லுமுல்லு செய்த வைத்தியமும் உடல் திருட்டும் ஒரே குற்றம் ஆகாது.

நியாயமாகச் சொன்னால், புதுப் படத்தில் சரக்கே இல்லை என்பது அபாண்டம். இயக்குநர் ஜோசே பதில்யா பிரேசில்காரர், 'எலீட் ஸ்குவாட்' படத்துக்கு 2008 பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியவர். போலீஸ் வன்முறையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நார்ட்டன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டும் காட்சி ஒன்று வருகிறது. தலை, நுரையீரல், இதயம், ஒரு கை. மர்ஃபி தன்னிடம் மிச்சம் இருப்பதைக் கண்ணாடியில் பார்க்கிறார். அந்த ஒரு காட்சிக்கு ஈடாகப் பழைய படத்தில்கூட எதுவும் இல்லை. சண்டை நேரத்தில் முடிவெடுப்பது கம்ப்யூட்டர்தான், ஆனால் தானே முடிவெடுப்பதாக மர்ஃபி நம்பும்படி மூளையை ஏமாற்றியிருக்கிறோம் என்று நார்ட்டன் விளக்கும் இடமும் அபாரமான யோசனை. தத்துவப் பாடம் படித்தவர்களுக்காக, ரோபோ தடைச் சட்டத்துக்கு ட்ரைஃபஸ் என்றும் டாக்டருக்கு டென்னெட் நார்ட்டன் என்றும் பெயர் வேறு. யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் என்னவென்றால் எல்லா யோசனையையும் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார். டிவி தொகுப்பாளர் பேட் நோவாக் (சாமுவேல் ஜாக்சன்) கத்துகிறார், செனட்டர் மறுக்கிறார், முதலாளி செல்லார்ஸ் (மைக்கேல் கீட்டன்) சமாளிக்கிறார், டாக்டர் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறார். படத்துக்குள்ளேயே பட்டிமன்றம் நடந்து முடிந்துவிடுகிறது. பார்ப்பவனுக்கு மிச்சம் வேலை இல்லை. நோவாக்கைப் பார்த்ததும் இந்த ஆள் அயோக்கியன் என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும், அப்புறம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

1987 படத்தில் டிவி பேசுபவர்கள் யாரும் கத்துவதில்லை. ஒரு ஆணும் பெண்ணும் சிரித்த முகத்தோடு செய்தி வாசிக்கிறார்கள். விண்வெளியில் நிறுத்தின ஆயுதம் தவறிச் சுட்டு சான்டா பார்பரா பற்றி எரிகிறது, செத்தவர்களில் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள். அதே சிரிப்பு. நடுவில் விளம்பரம். கம்பெனி தயாரித்த செயற்கை இதயத்தை மாடல் வாரியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து அணுகுண்டு போட்டு விளையாட ஒரு போர்டு கேம். பெட்ரோலை மடமடவென்று குடிப்பதையே பெருமையாகச் சொல்லி விற்கும் 6000 எஸ்யூஎக்ஸ் என்ற கார் (கடைசி மூன்று எழுத்தையும் சேர்த்துப் படித்தால் மட்டரகம் என்பதற்கான ஆங்கில வசைச்சொல்லாக ஒலிக்கும். அப்படியும் ஊரே அதைத்தான் வாங்க ஆசைப்படுகிறது). இதெல்லாம் தப்பு என்று படத்தில் ஒருத்தர்கூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய ஆள் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறான், அவனோ சிரித்துக்கொண்டிருக்கிறான். வெர்ஹோவனின் வில்லத்தனம் அது.

போர்டு ரூம் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஈடி-209 என்ற ராட்சத எந்திரத்தை டிக் ஜோன்ஸ் அறிமுகப்படுத்துகிறார். ஒரு இளம் அதிகாரியிடம் துப்பாக்கியைக் கொடுத்து எந்திரத்தை மிரட்டச் சொல்கிறார்கள். எந்திரம் ஆயுதத்தைக் கீழே போடு என்கிறது, அவன் போட்டுவிடுகிறான், எந்திரத்துக்கு அது புரியவில்லை. சல்லடையாகத் துளைத்துவிடுகிறது. உடனே கம்பெனித் தலைவருக்கு வருத்தம் வருகிறது... எதற்கு? திட்டம் தாமதமானால் வட்டியே ஐந்து கோடி டாலர் ஆகுமே என்று! பிணம் மேஜைமேல் கிடக்கும்போதே பாப் மார்ட்டன் தன்னுடைய ரோபோகாப் திட்டத்தை எடுத்துவிடுகிறார். பின்னாடி அதே டிக் ஜோன்ஸ் கழிவறையில் வைத்து மார்ட்டனிடம் உண்மையைப் போட்டு உடைப்பார். ஈடி-209-ஐ ராணுவத்துக்கு விற்க உத்தரவாதம் இருந்தது, 25 வருஷத்துக்கு உதிரிபாகம் விற்றிருக்கலாம், அது வேலை செய்ததா இல்லையா என்று யாருக்குக் கவலை என்று. அரசாங்க டெண்டர் சமாசாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அந்தக் காட்சியில் ரத்தம் அதிகம்தான். அமெரிக்கத் தணிக்கை முதலில் படத்துக்கு எக்ஸ் சான்றிதழ் என்றது, திரும்பத் திரும்ப வெட்டிக் கொடுத்து ஆர் வாங்கினார்கள். அளவுக்கு மீறிச் சுட்டால்தான் அது கேலிச்சித்திரம், பாதியில் நிறுத்தினால் வெறும் கொலை என்பது வெர்ஹோவனின் வாதம். வெட்டாத பிரதியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். 2014 படம் ஆரம்பத்திலேயே பிஜி-13 வாங்கத் திட்டமிட்டு எடுத்தது. ஆகவே டெஹ்ரானில் கத்தியோடு வரும் சிறுவனை ஈடி-209 சுடும்போது தூசிதான் தெரிகிறது. நல்ல காட்சிதான். ஆனால் உண்மையை டிவி எப்படி மறைக்கிறது என்று காட்டவந்த படம், டிக்கெட் விற்பதற்காகத் தானும் அதையே மறைக்கிறது :-)

இப்போது முடிவுக்கு வரலாம், ஏனென்றால் பம்மாத்து முழுசாக வெளிப்படுவது அங்கேதான். ரோபோகாப்புக்குள் ரகசியமாக ஒரு நாலாவது கட்டளை உண்டு. ஓசிபியின் உயர் அதிகாரியைக் கைதுசெய்யப் போனால் எந்திரம் செயலிழந்துவிடும். 1987 படத்தின் கடைசியில் மர்ஃபி கொலைகாரன் டிக் ஜோன்ஸுக்கு எதிரே ஆதாரத்தோடு நிற்கிறார், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜோன்ஸ் தலைவரின் கழுத்தில் துப்பாக்கி வைத்ததும் தலைவர் அவரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவிக்கிறார். வேலை போனதால் ஜோன்ஸ் இனி அதிகாரி இல்லை. கட்டளை செல்லாது. மர்ஃபி சுடுகிறார். தியேட்டரே கைதட்டும். எதற்குக் கைதட்டுகிறது? நீதி கிடைத்தது, ஆனால் அதற்கு முதலாளியின் டிஸ்மிஸ் ஆர்டர் தேவைப்பட்டது. நாலாவது கட்டளை மர்ஃபிக்குள் அப்படியேதான் இருக்கிறது. தலைவர் அவர் பெயரைக் கேட்கிறார், மர்ஃபி என்று சொல்கிறார், படம் முடிந்துவிடுகிறது. ஹாலிவுட்டில் இவ்வளவு விஷமான சுபமுடிவு அபூர்வம்.

2014-ல்? செல்லார்ஸ் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருக்கிறார், அதைக் கட்டியவரைச் சுட எந்திரம் அனுமதிக்காது. மர்ஃபி பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவி மகனைப் பார்த்து, மன உறுதியால் புரோகிராமை மீறிச் சுட்டுவிடுகிறார்! அன்பு வென்றது. பிறகு டாக்டர் சாட்சி சொல்கிறார், ஜனாதிபதி வீட்டோ போடுகிறார், ரோபோ தடைச் சட்டம் பிழைத்துக்கொள்கிறது. முடிவெடுப்பது நீயல்ல, எந்திரம்தான் என்று முக்கால் மணி நேரம் முன்னால் தத்துவம் பேசிய அதே படம்! சுயவிருப்பம் ஒரு மாயை என்று ஆரம்பித்து, பாசம் இருந்தால் எல்லாம் முடியும் என்று கட்டின ஜகா இது. கெட்டவர் ஒருத்தர் போனார், அமைப்பு நலமாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள். கடைசியில் நோவாக் வந்து மறுபடி கத்துகிறார்தான், ஆனால் அதற்குள் அவர் தோற்றுப்போன கோமாளி.

குடும்பத்தைக் கொண்டுவந்ததால் மனிதத்தன்மை கூடியது என்று ஒரு சப்பைக்கட்டு உண்டு. பழைய படத்தில் மர்ஃபி தன் வீட்டைத் தேடிப் போகிறார். வீடு காலி. திரைகளில் ஒரு விற்பனையாள் வீட்டின் அருமை பெருமைகளை எடுத்துச்சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறான். மனைவியும் மகனும் ஞாபகத் துணுக்குகளாக மட்டுமே வருகிறார்கள், அவர்களை மர்ஃபி சந்திப்பதே இல்லை. கூட வேலை பார்த்த லூயிஸ் (நான்சி ஆலன்) அவரை அடையாளம் கண்டது, துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போடும் பழக்கத்தை வைத்து. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மகன் பார்க்கும் டிவி சீரியல் ஹீரோவைப் பார்த்து, மகனுக்காகக் கற்றுக்கொண்டது. ஒரு மனிதனிடம் மிச்சமிருக்கும் ஆன்மாவுக்கான ஒரே சாட்சி, டிவியிலிருந்து காப்பியடித்த ஒரு ஸ்டைல். கம்பெனியால் அழிக்க முடியாமல் போனதும் அதுதான். இதில் இருக்கும் துக்கமும் கேலியும் கிளாரா படம் முழுக்க அழுதும் வரவில்லை. அது நடிகையின் குற்றமில்லை, அவருக்கு எழுதித்தந்தது அவ்வளவுதான்.

காலம் மாறிவிட்டது, ரீகன் கால நையாண்டி 2014-ல் எடுபடாது என்பார்கள். 1981-ல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் ரீகன் வீட்டுக்கு அனுப்பினார். பழைய படத்தில் போலீஸ்காரர்கள் ஸ்ட்ரைக் செய்யலாமா என்று தவிப்பதற்குப் பின்னணி அந்தக் காலம். சரி, 2014-ல் என்ன நிலைமை? புதுப் படம் பிப்ரவரியில் வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்னால், ஜூலை 2013-ல், நிஜ டெட்ராய்ட் நகரம் திவால் மனு போட்டது. மேயரும் கவுன்சிலும் இருக்க, மாநில அரசு நியமித்த ஒரு நிர்வாகி கையில் நகரத்தின் சாவி இருந்தது. வெர்ஹோவன் 26 வருஷம் முன்னால் எடுத்த ஊர் கண்முன்னால் உயிரோடு வந்து நிற்கிறது! அதை விட்டுவிட்டு, பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த படம் டெட்ராய்ட்டைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு டெஹ்ரானுக்கு விமானம் ஏறியது. ட்ரோன் முக்கியமான விஷயம்தான். ஆனால் டெட்ராய்ட் என்று பெயர்ப் பலகை மாட்டிவிட்டு அந்த ஊரையே பார்க்காமல் போவதற்குக் காலமாற்றம் காரணமாகாது.

ரோபோக்களை அமெரிக்காவுக்குள் விடுவதா என்று நாடே விவாதிக்கும், ஓட்டெடுக்கும் என்று புதுப் படம் நம்பியது. அதற்குச் சாதகமாக ஒரு நிஜ சம்பவமும் இருக்கிறது. 2022-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் ஆளைக் கொல்லும் வகையில் போலீஸ் ரோபோவைப் பயன்படுத்தலாம் என்று ஓட்டுப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வாரமே பின்வாங்கியது. ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்பே, ஜூலை 2016-ல், வேறொரு ஊரில் ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கல்லூரிக் கட்டடத்தில் பதுங்கியிருந்த ஒருவனை, போலீஸ் ஒரு ரோபோவின் கையில் வெடிமருந்தைக் கொடுத்து அனுப்பிக் கொன்றது. அமெரிக்கப் போலீஸ் ரோபோவை வைத்து ஆளைக் கொன்றது அதுவே முதல்முறை. அதற்கு முன்னால் சட்டமும் இல்லை, செனட் விவாதமும் இல்லை. அந்த ஊர் டாலஸ். 1987 ரோபோகாப்பில் டெட்ராய்ட் என்று காட்டியதெல்லாம் பெரும்பாலும் டாலஸில் எடுத்ததுதான், ஓசிபி தலைமையகமாக வருவதே அந்த ஊர் நகராட்சிக் கட்டடம். அன்றைக்கு அனுப்பிய ரோபோ, வெடிகுண்டுகளை அப்புறப்படுத்துவதற்காக வாங்கி வைத்திருந்தது.