அளவறிந்து கேட்டல்

சீட்டென்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். எமது ஊராகிய தீர்த்தமலையிலும் சீட்டென்றாற் பணம் வைத்து ஆடுவதென்றே பெரியோர் பொருள் கொள்வர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. இணையவழிச் சூதிற் பொருளிழந்து உயிரும் மாய்த்துக்கொண்டோர் துயர் பெருகவே, அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் மசோதா நிறைவேற்ற வேண்டியதாயிற்று. எனினும் சீட்டாட்டம் அனைத்தையும் சூதென்று ஒதுக்குதல் நடுநிலையாகாது. பணயமின்றி ஆடும் பிரிட்ஜ் என்னும் ஆட்டம், அளந்து பேசவும் பிறரை நம்பி நடக்கவும் பழக்குவதென்பது எமது துணிபு. அவ்வாட்டத்தில் நல்ல கேள்வி யாதென ஆராயின் இவ்வுண்மை விளங்கும்.

ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். 52 சீட்டுகள் ஆளுக்கு 13 ஆகப் பகிரப்படும். நால்வரும் இடும் நான்கு சீட்டுகள் ஒரு பிடி. ஆகப் பிடிகள் 13. ஆடத் தொடங்குமுன், இன்ன இனம் துருப்பாக இத்தனை பிடிகள் பிடிப்போமென்று ஏலத்திற்போல் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பர். அதுவே கேள்வி. ஆறு பிடிகளுக்கு மேற்பட்டனவே எண்ணிற் சொல்லப்படும். ஆகவே 'நான்கு இஸ்பேடு' என்பது, இஸ்பேடு துருப்பாகப் பத்துப் பிடிகள் பிடிப்பதாகத் தரும் வாக்குறுதி. அமெரிக்கராகிய ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925இல் வகுத்த கணக்குமுறையே இன்றைய ஆட்டத்திற்கு அடிப்படை.

இக்கேள்விமுறை நம்மவர்க்குப் புதிதன்று. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆடப்படும் 304 என்னும் ஆட்டத்தில், முதல் நான்கு சீட்டுகளை மட்டும் கண்டு, 160க்குக் குறையாமற் கேட்பதை அறியாதார் யார்? காணாததையும் கணித்துக் கேட்பதே இரண்டற்கும் பொதுவியல்பு.

தமிழ் பயிலும் எமக்குப் பிரிட்ஜில் வியப்பளிப்பது அதன் சொற்சுருக்கமே. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு இனங்களின் பெயர், துருப்பில்லை என்பது, பாஸ், டபிள், ரீடபிள் ஆகிய பதினைந்தே சொற்கள். இவற்றால் அமையும் கூற்றுகள் 38. பதின்மூன்று சீட்டுகளின் வன்மையும் மென்மையும் இவற்றாலேயே கூட்டாளிக்கு உணர்த்தப்படவேண்டும். ஆதலின் ஒரு சொல்லையும் வீணாக்கல் ஆகாது.

கைவலிமையை அளக்க எளிய வழியொன்றுண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என மதிப்பிட்டால் கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்ந்து 25 அல்லது 26 இருப்பின் நான்கு இஸ்பேடு கேட்பது பெரும்பாலும் தகும். ஆயின், தன் கையில் 16 கண்டவுடன் தானே மேலேறுபவன் பேதை. எஞ்சிய பத்தும் கூட்டாளியிடமுள்ளனவா என்று வினவியறிதலே கேள்வியின் முதற்பயன்.

அஞ்சி அடங்குதலும் குற்றமே. பரிசும் தண்டமும் மிகுந்த 'வல்னரபிள்' நிலையில் மூன்று இஸ்பேடு கேட்டுப் பத்துப் பிடிகள் பிடித்தால் 170. நான்கு கேட்டுப் பத்துப் பிடித்தால் 620. ஒன்பதே கிடைப்பின், மூன்று கேட்டவர்க்கு 140 வரவு. நான்கு கேட்டவர்க்கு 100 இழப்பு. எனவே துணிந்தோர் பெறும் மிகுதி 450; தவறினாற் படும் குறைவு 240. நூற்றுக்கு 35 முறை வெல்லக்கூடுமாயினும் துணிவதே கணக்கிற்கு ஒத்தது. வெற்றியின் அளவை நோக்காது, எத்தனை இணையரை முந்தினோம் என்று மட்டும் எண்ணும் போட்டியிலோ, ஏறத்தாழப் பாதி வாய்ப்பேனும் வேண்டும். கைச்சீட்டு ஒன்றாயினும் களத்திற்கேற்பக் கேள்வி வேறுபடும். தீர்த்தமலைப் படிகளில் ஏறுவோர் தம் வலியோடு உடன் வருவோர் வலியும் வெயிலின் கடுமையும் நோக்கியன்றோ அடியெடுத்து வைப்பர்!

இவற்றினும் மேலானது வாய்மை. குரலை உயர்த்தியோ, தயங்கியோ, முகக்குறி காட்டியோ கூட்டாளிக்குச் செய்தி உணர்த்துதல் விதிக்கு முரண். கூட்டாளிகள் தமக்குள் வகுத்த கேள்விப் பொருளை எதிரிகள் வினவின் மறையாது உரைத்தல் வேண்டும். மறைமொழிக்கு இங்கே இடமில்லை. சீட்டை மறைக்கலாம், சொல்லின் பொருளை மறைத்தலாகாது. மிகைப்பட வாய்மொழிந்தவனைக் கூட்டாளி அடுத்தமுறை நம்பான். நம்பிக்கை போயின் முப்பத்தெட்டுக் கூற்றுகளும் வெற்றொலிகளே. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பிரிட்ஜ் இடம்பெற்றபோது, ஆடவர் இணைப்பிரிவில் தங்கம் வென்றோர் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆவர். முன்னவர்க்கு வயது 60; பின்னவர்க்கு 56. நெடுநாள் இணைந்தாடியதால் விளைந்த புரிதலே அவர்தம் செல்வம்.

'சீட்டு வாய்ப்பது ஊழன்றோ?' என்பார்க்கு விடையுண்டு. போட்டிகளில் ஒரே சீட்டுப்பகிர்வை மேசைதோறும் வைத்து ஆடச்செய்வர். நல்ல கை பெற்றவனென்ற பெருமை ஒருவர்க்கும் இல்லை. அதே கையைப் பிறரினும் நன்கு ஆண்டவர்க்கே வெற்றி. 'காலம் வீணாகுமே' என்பார் கூற்றை யாம் மறுக்கிலேம். அளவு மீறின் பந்தாட்டமும் படிப்பைக் கெடுக்கும்.

ஆகவே, நம் கல்லூரிப் பொழுதுபோக்கு மண்டபத்தில் வாரத்தில் ஒரு மாலை, ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில், ஒரு காசும் வையாமல் பிரிட்ஜ் ஆட இடந்தர வேண்டுமென்று பெரியோரை வேண்டுகின்றோம். நாளை வழக்கு மன்றத்திலும் அலுவலகத்திலும் பொதுமேடையிலும் நாம் தரவிருக்கும் வாக்குறுதிகள் பல. தன் கையளவறிந்து, துணைவன் கையும் உய்த்துணர்ந்து, கூறியதை நிறைவேற்றும் பழக்கம் இளமையிலேயே வாய்ப்பின், அது நாட்டிற்கும் நலமாமன்றோ?