ஒளிருது சரி... எவ்வளவு ஒளிருது? அலகு இல்லாத எண்ணை நம்பலாமா?

விளாத்திகுளம் கரிசலில் விளையும் வத்தல் கப்பலேறி ஐரோப்பா போகணும்னா, முதல்ல ஆய்வகத்தில் ஒரு டெஸ்ட்டில் பாஸ் ஆகணும். ஈரம் காயாத வத்தலில் பூஞ்சை பிடித்தால் ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நச்சு உருவாகலாம். புற ஊதா ஒளி பட்டால் இந்த நச்சு ஒளிரும். நீலமாக ஒளிர்வது ‘பி’ வகை, பச்சையாக ஒளிர்வது ‘ஜி’ வகை. ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதல் எழுத்துதான் பெயரானது. அந்த ஒளிர்வை வைத்தே பல ஆய்வகங்கள் நச்சை அளக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் வத்தலுக்கு அனுமதிப்பது கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம்.

‘கொஞ்சம் பளிச்சுனு இருக்கு’ என்று எந்த ஆய்வகமும் ரிப்போர்ட் தருவதில்லை. அளவு தெரிந்த நச்சுக் கரைசலை அதே மெஷினில் ஓட்டி, அதோடு ஒப்பிட்டு, மைக்ரோகிராமில் எழுதுகிறார்கள். அதனால்தான் தூத்துக்குடியில் எடுத்த எண்ணை வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரிபார்க்க முடிகிறது.

சரி, இதே ஒழுங்கு செயற்கை உயிரியலில் இருக்கிறதா?

பிரச்சினை எங்கே?

பாக்டீரியாவின் மரபணுவில் மாற்றம் செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதத்தை அதோடு இணைப்பார்கள். 2008 வேதியியல் நோபல் பரிசு இந்தப் புரதத்துக்காகத்தான். பச்சை அதிகம் என்றால் மரபணு அதிகம் இயங்குகிறது என்று அர்த்தம்.

ஆனால் மெஷின் காட்டும் எண்ணுக்குப் பொது அலகு கிடையாது. விளக்கு, ஃபில்டர், ‘கெயின்’ செட்டிங் மாறினால் எண்ணும் மாறும். ஒரே சாம்பிள் ஒரு லேபில் 2,000, இன்னொரு லேபில் 20,000 என்று வரலாம். ரெண்டுமே தப்பில்லை, ரெண்டையும் ஒப்பிடத்தான் முடியாது.

தீர்வு ரொம்ப காஸ்ட்லியா?

இல்லை. ஐஜெம் என்ற சர்வதேச மாணவர் போட்டி, 2014 முதல் பல நாட்டு லேப்களை ஒரே பரிசோதனையைச் செய்ய வைத்துப் பார்த்தது. கண் டாக்டர்கள் பயன்படுத்தும் ஃபுளோரசீன் சாயத்தைப் பாதி பாதியாக நீர்த்து, அதே செட்டிங்கில் அளந்து, எண்ணை ‘இத்தனை ஃபுளோரசீன் மூலக்கூறுக்குச் சமம்’ என்று மாற்றினார்கள். செல்களின் எண்ணிக்கைக்கு நுண்ணிய சிலிக்கா மணிகள். 244 ஆய்வகங்கள் கலந்துகொண்ட 2018 ஆய்வில், சிலிக்கா மணி அளவீடுகளில் 95.5 சதவீதம் 1.2 மடங்கு விலகலுக்குள் அடங்கின. கொஞ்சம் சாயம், கொஞ்சம் மணி, ஒரு மதிய நேரம். அவ்வளவுதான்.

‘எங்க லேபுக்குள்ள ஒப்பிட்டா போதாதா?’ என்று கேட்கலாம். ஒரே மெஷினில் ‘இது அதைவிட மூன்று மடங்கு’ என்று சொல்ல அது போதும். அடுத்த ஊர் லேப் அதே வேலையைத் தொடரணும்னா போதாது. சாயம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதும் உண்மை. பைப்பெட் தவறினால் எண்ணும் தவறும். வெளிச்சத்தில் வைத்தால் சாயமே மங்கிவிடும். ஆனால் தவறு எங்கே என்று தேட ஒரு பிடி கிடைக்கும்.

இப்போது ஏன் முக்கியம்?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ‘பயோஇ3’ கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. உயிரி உற்பத்திக்குப் பொதுப் பணம் வரப்போகிறது. சென்னை ஐஐடி போன்ற இந்திய அணிகள் ஐஜெம்மில் ஏற்கனவே போட்டியிட்டிருக்கின்றன. இனி மாவட்டக் கல்லூரிகளும் இதில் இறங்கும். புது மெஷினுக்கு நிதி ஒதுக்கும்போதே ‘அலகோடு எழுதாத ஒளிர்வு எண்ணை ஏற்க மாட்டோம்’ என்று ஒரு வரி நிபந்தனை சேர்க்க வேண்டும். கல்லூரி பிராக்டிகலிலும் முதல் வகுப்பே அளவுத்திருத்தமாக இருக்கட்டும்.

ஒரு மூட்டை வத்தலுக்கு நாம் கேட்கும் கணக்கை, கோடிகளில் செலவாகும் ஆராய்ச்சியிடமும் கேட்பதில் தப்பே இல்லை.