ஊருணிக்குக் காவல் யார்?

ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று நீர்நிலைகளை வகைப்படுத்திய நம் முன்னோர், ஊரார் உண்ணும் நீர் நிற்கும் இடத்தை 'ஊருணி' என்றனர். வயலுக்குப் பாய்வது வேறு, வாய்க்குச் செல்வது வேறு என்னும் தெளிவு அப்பெயரிலேயே இருக்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகுக்கு உதவி வாழ்பவனின் செல்வத்துக்கு நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். நிறைந்திருந்தால் மட்டும் அவ்வுவமை நிற்காது; அஞ்சாமல் அள்ளிக் குடிக்கலாம் என்பதும் அதில் அடக்கம்.

நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்க்கும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஊருணியே உயிர்நீர். அதில் குளிப்பதில்லை, துணி வெளுப்பதில்லை, மாட்டை இறக்குவதில்லை. குடத்தில் முகந்து செல்வது மட்டுமே. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை கொண்டு தெளியவைத்தனர். கலித்தொகையிலேயே அவ்வழக்கம் உவமையாகிவிட்டது. ஆனால் பழைமையைப் போற்றும்போது ஒன்றை மறைத்தல் தகாது. அழுக்கைத் தடுத்த அதே காவல், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களையும் கரையேற விடாமல் தடுத்தது. நாம் மீட்க வேண்டியது முதற்காவலை மட்டுமே.

நேர்ந்ததோ வேறு. குழாய் வந்ததும் காவலைக் கைவிட்டோம். குப்பை கொட்டும் பள்ளமாகவும் சாக்கடை சேரும் குட்டையாகவும் பல ஊருணிகள் மாறின. குழாயில் நீர் வராத நாளில் அவ்வூர்களுக்கு வேறு புகலில்லை.

அழுக்கின் இயல்பும் மாறிவிட்டது. தேற்றாங்கொட்டை மண்ணைப் படியவைக்கும். நீரில் கரைந்துவிட்ட உப்பையும் குரோமியத்தையும் என்ன செய்யும்? தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்னும் நம்பிக்கை இனிச் செல்லாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றின் மாசுக்காக அதே நீதிமன்றம் 2025-இல் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் 29 ஆண்டுகள், ஒரு தலைமுறை. இழப்பீடு நியாயமே. ஆயினும் கெட்ட கிணற்றை அது இனிக்கச் செய்வதில்லை.

ஆகவே, கெடுவதற்கு முன்பே காவல் தொடங்க வேண்டும். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, வழியில் யாருடைய கழிவு அதில் சேர்கிறது என்பதை ஊர் அறிந்திருக்க வேண்டும். கழிவறைக் குழிகள் கிணற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். நீர் ஆய்வின் முடிவு அலுவலகக் கோப்பில் உறங்காமல், எல்லார்க்கும் விளங்கும் தமிழில் ஊராட்சியின் அறிவிப்புப் பலகைக்கு வரவேண்டும்; கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். குடிக்கும் நீரில் என்ன இருக்கிறது என்று அறிவது குடிப்பவரின் உரிமை.

குறளை மேடைதோறும் முழங்குகிறோம். அதில் வரும் ஊருணி நம் ஊரில் எந்நிலையில் கிடக்கிறது என்று கரையேறிப் பார்த்தோமா?