ஓசூர் எல்லை வியாபாரிகளும் ஆன்லைன் கட்டணமும்: கமிஷன் மட்டுமே கணக்கல்ல

கடந்த 2025 ஜூலையில் பெங்களூருவின் பல பெட்டிக்கடைகளிலும் பேக்கரிகளிலும் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கின. 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளைத் திரட்டிய கர்நாடக வணிக வரித்துறை, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதே இதற்குக் காரணம். நான்கு ஆண்டுகளில் ரூ.1.63 கோடி வரவு வந்ததாகக் கூறி, ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் ரூ.29 லட்சம் கேட்கப்பட்டது. பதப்படுத்தப்படாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது பிறகுதான் பேசப்பட்டது. வியாபாரிகள் போராட்டம் அறிவித்த பின், ஜூலை 23 அன்று முதல்வர் சித்தராமையா அவர்களைச் சந்தித்தார். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் இனி ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும் என்று கூறிப் பிரச்சினையைத் தணித்தார்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் நம் ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வாழும் உதிரிபாகப் பட்டறைகள், பிரியாணிக் கடைகள், துணிக்கடைகள், வீட்டிலிருந்தே அத்தரும் அபாயாவும் விற்கும் சகோதரிகள் என நம் சமுதாயத்தவர் பலர் இங்கே வியாபாரம் செய்கிறார்கள். அவர்களின் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் கர்நாடகத்தில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் வருகிறது. பணம் வாங்க ஒரு பேமெண்ட் கேட்வே தேவைப்படுகிறது. உடனே எழும் கேள்வி, 'எது மலிவு?' என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு என்பதே நம் கருத்து.

முதல் கேள்வி: சரக்கு எங்கே போகிறது? தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம். ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருட்களைத் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. ஓசூரிலிருந்து சேலத்துக்கு கூரியர் அனுப்புவதும், கூப்பிடு தூரத்தில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டிக்கு அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ஆண்டுக்கு ரூ.1.5 கோடி வரை விற்கும் சிறு வணிகர்களுக்கான 1 சதவீத காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே முடியாது. எல்லையோரத்தில் பலருக்கும் தெரியாத விதி இது. டெலிவரி முகவரியும் பண வரவும் பதிவாகும் ஆன்லைன் வியாபாரத்தில் இதை மறைக்க இயலாது; மறைப்பது நமக்கு ஆகுமானதும் அல்ல.

இரண்டாவது: நம் பணம் யார் கையில் இருக்கிறது? தொழில்நுட்ப வசதியை மட்டும் தருவது கேட்வே. வாடிக்கையாளரின் பணத்தைத் தன்னிடம் பெற்று நமக்குத் தருவது 'பேமெண்ட் அக்ரிகேட்டர்'. வங்கியல்லாத அக்ரிகேட்டர்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும், வியாபாரிகளின் பணத்தைத் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்பது 2020 மார்ச்சில் வந்த விதி. 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பெரிய நிறுவனங்களே புதிய வியாபாரிகளைச் சேர்க்க முடியாமல் நின்றன. இறுதி அனுமதி கிடைக்க ஓராண்டு ஆனது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது நடவடிக்கை வந்தபோது, அந்த வங்கியிலேயே பணத்தை வாங்கியவர்கள் வேறு கணக்கு தேடி அலைந்தார்கள். எனவே அனுமதி பெற்றவர்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். வரும் பணம் வாலட்டில் தங்காமல் வங்கிக் கணக்குக்கே செல்லட்டும்.

மூன்றாவதாகத்தான் கமிஷன். 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் எம்டிஆர் கட்டணம் கிடையாது. கடை கவுண்டரில் வங்கியின் கியூஆர் அட்டையே பெரும்பாலோருக்குப் போதும். கிரெடிட் கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் சேர்ந்த கேட்வேயில் சுமார் 2 சதவீதம் கேட்பது வழக்கம். ரூ.1,000 விற்பனைக்கு ரூ.20, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.3.60, ஆக ரூ.23.60. அந்தப் பொருளில் லாபமே ரூ.100 என்றால் கால்வாசி போய்விடும். பணம் எத்தனை நாளில் வரும், வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டால் கமிஷன் திரும்புமா, தகராறு வந்தால் எவ்வளவு பணத்தை நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காவது கேள்வி நமக்கே உரியது: அதோடு சேர்ந்து எது வருகிறது? வரவைப் பார்த்து வியாபாரிக்கு வட்டிக் கடன் தரும் அழைப்பும், வாடிக்கையாளருக்கு இஎம்ஐ பட்டனும் இன்று பல கேட்வேக்களில் இணைந்தே வருகின்றன. 'நோ காஸ்ட்' என்ற பெயரில் வந்தாலும் வட்டியை யாரோ ஒருவர் சுமக்கிறார். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இந்த வசதிகளை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் உள்ளூர் ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள்.

பெங்களூரு வியாபாரிகள் பட்ட சிரமத்துக்கு யுபிஐயைக் குறை சொல்வது எளிது. ரொக்கத்துக்குத் திரும்பினாலும் வரிச் சட்டம் மாறாது; அது மொத்த விற்பனையைத்தான் பார்க்கிறது. மைத்துனர் அனுப்பிய கடன், சீட்டுப் பணம், கடை வரவு எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை, எது இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும். கடைக்கென்று ஒரு கரண்ட் அக்கவுண்ட், ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பில், வரிவிலக்குப் பொருளுக்குத் தனிப் பதிவு ஆகிய மூன்றும் இருந்தால் நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்ல முடியும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே, அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், அறிவுறுத்துகிறது. நம்மில் பலர் அதைக் கடன் பத்திரத்தோடு நிறுத்திவிட்டோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி ஜமாஅத்துகள் ஜகாத் கணக்குக்கு வழிகாட்டுவது போல, ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பட்டயக் கணக்காளரை அழைத்து மஹல்லா வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி, கேட்வே குறித்து ஆலோசனை முகாம் நடத்தலாம். வீட்டிலிருந்து விற்கும் சகோதரிகளுக்கும் அதில் இடம் வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதைவிட இதற்குச் செலவு குறைவு.